ஜேன் அயரின் ஐயம்

காதல் நாவலின் நாயகி பெரும்பாலும் ஓர் ஐயத்தோடுதான் நமக்கு அறிமுகமாகிறாள். அழகில்லை, பணமில்லை, தன்னை யார் விரும்பப் போகிறார்கள் என்று நினைக்கிறாள். அந்த நினைப்பைப் பொய்யாக்குவதே கதையின் வேலை. நாயகன் வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஐயம் தீர்ந்தது. பிறகு கல்யாணச் சாப்பாடு மட்டும்தான் பாக்கி. இந்த வகை எழுத்துக்கு மூலநூல் என்று பலரும் கைகாட்டுவது சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்'. 1847 அக்டோபரில் லண்டனின் ஸ்மித், எல்டர் நிறுவனம் அதைக் கர்ரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டது. ஆனால் மூலநூலுக்குள் போய்ப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மொத்தம் 38 அத்தியாயங்கள். நாயகன் ராச்செஸ்டர் தன் காதலைச் சொல்லி மணம் பேசுவது 23ஆம் அத்தியாயத்தில். காதல் மொழியால் ஐயம் தீர்வது உண்மையானால் மீதி 15 அத்தியாயங்களுக்கு அவசியமே இல்லை. மேல்மாடத்தில் பூட்டி வைத்திருக்கும் முதல் மனைவி என்ற மர்மம் இன்னும் உடையவில்லையே என்று கேட்கலாம். அந்த மர்மத்தைத் தெருவுக்கு இழுத்துவருவதே ஜேனின் ஐயம்தான்.

தன்னைக் காதலுக்குத் தகுதியற்றவளாக உணர்வது என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. உலகம் தனக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்பதை ஒருத்தி தெளிவாக அறிந்திருப்பது ஒன்று. அந்த விலையையே தன் மதிப்பு என்று ஏற்றுக்கொண்டுவிடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும்; இரண்டிலும் பெண் தலைகுனிந்து ஒதுங்கித்தான் நிற்கிறாள். சார்லட் பிராண்டியின் நாவல் இவற்றைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது. ஜேனிடம் இருப்பது பெரும்பாலும் முதலாவது. அது மனக்கோளாறு இல்லை, சரியான கணிப்பு. ஆகவே எந்த நாயகனின் சொல்லாலும் அதைத் தீர்த்துவைக்க முடியாது.

அந்த விலைப்பட்டியலை ஜேன் கற்றுக்கொள்வது பத்து வயதில். பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்கிறாள், மாமனும் இறந்துவிட்டார். மாமன் மகன் ஜான் ரீட் அவள்மீது புத்தகத்தை வீசி அடிக்கும் முன் ஒரு விளக்கம் தருகிறான்: உனக்குப் பணமில்லை, உன் அப்பா ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை, நீ பிச்சையெடுக்க வேண்டியவள். பணிப்பெண்கள் இதையே கொஞ்சம் நயமாகச் சொல்கிறார்கள்: சோற்றுக்கு வேலை செய்யாததால் நீ வேலைக்காரிக்கும் கீழே. இவற்றைவிடக் கூர்மையானது, அவள் நோயில் படுத்திருக்கையில் இரண்டு பணிப்பெண்கள் பேசிக்கொள்வது. இந்தக் குழந்தை அழகாக இருந்திருந்தால் இரக்கமாவது வரும், இப்படி இருப்பதைப் பார்த்து எப்படி இரங்குவது என்கிறாள் ஒருத்தி, மற்றவள் ஆமோதிக்கிறாள். இரக்கத்துக்குக்கூட முன்பணம் கட்ட வேண்டிய வீடு அது. லோவுட் பள்ளிக்குப் போன புதிதில் இந்தப் பாடத்தின் காயம் ஜேனிடம் வெளிப்படையாக இருக்கிறது. பிறர் நேசிக்காவிட்டால் உயிரோடிருப்பதே வேண்டாம் என்று தோழி ஹெலன் பர்ன்ஸிடம் சொல்கிறாள். மனிதரின் அன்பைப் பற்றி நீ அளவுக்கு மீறி நினைக்கிறாய் என்று ஹெலன் அவளைத் தடுக்கிறாள். என் இரண்டாவது வகை ஐயம் ஜேனிடம் இருந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தை ஜேனிடம் அது இருந்தது. பதினெட்டு வயதில் தார்ன்ஃபீல்ட் மாளிகைக்கு வேலைக்கு வந்து சேர்பவளிடம் எது எஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அவள் செய்யும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் வேலை அது. படித்த, சொத்தில்லாத, மணமாகாத பெண்ணுக்கு அன்றைய இங்கிலாந்தில் கௌரவத்தோடு பிழைக்க அதைவிட்டால் வழி அதிகமில்லை. 1851 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 25,000 பெண்கள் இந்த வேலையில் இருந்தார்கள். நோயிலும் முதுமையிலும் கைவிடப்பட்ட கவர்னஸ்களுக்கு உதவ 1840களின் தொடக்கத்தில் தனியாக ஓர் அறநிலையமே அமைக்க வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் அறிக்கையையும் 'ஜேன் அயர்' நாவலையும் சேர்த்தே 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் 1848 டிசம்பரில் மதிப்பிட்டார் எலிசபெத் ரிக்பி. நாவலை அவர் கடுமையாகச் சாடினார். ஆனால் பிறப்பிலும் பழக்கத்திலும் கல்வியிலும் நமக்குச் சமமாகவும் பணத்தில் மட்டும் நமக்குத் தாழ்வாகவும் இருப்பவளே கவர்னஸ் என்று அவரே எழுதியதைவிட நாவலின் சிக்கலை யாரும் சுருக்கமாகச் சொன்னதில்லை. ஜேனின் சம்பளம் ஆண்டுக்கு 30 பவுண்டு. லோவுட்டில் ஆசிரியையாக வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு. இந்த எண்ணை நாவல் மறப்பதில்லை. மரணப் படுக்கையில் கிடக்கும் மாமன் மனைவியைப் பார்க்க ஜேன் விடுப்புக் கேட்கும்போது ராச்செஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். எனக்குச் சேர வேண்டியது 15 தான் என்று அவள் மறுக்கிறாள். அவர் 10 கொடுத்து 5 பாக்கி வைக்கிறார். திரும்பி வரட்டும் என்ற தந்திரம். காதல் வளரும் காட்சி இது. இருந்தும் ஆசிரியர் சில்லறைக் கணக்கை விடவில்லை.

இனி, எதிர்த்தரப்புக்கு மிகவும் வாய்ப்பான சான்றுக்கே போகலாம். 16ஆம் அத்தியாயத்தில், ராச்செஸ்டர்மீது தனக்கு ஆசை துளிர்ப்பதை உணர்ந்ததும் ஜேன் தன்மேல் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் வழங்குகிறாள். கண்ணாடியைப் பார்த்து எந்தக் குறையையும் மறைக்காமல் தன் முகத்தைத் தீட்ட வேண்டும். உறவும் பணமும் அழகும் இல்லாத கவர்னஸ் என்று அடியில் எழுத வேண்டும். அடுத்து, ராச்செஸ்டர் மணக்கக்கூடும் என்று பேசப்படும் பிளான்ச் இங்கிரமை வழவழப்பான தந்தத் தகட்டில் வரைய வேண்டும். தன் படம் ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. பிளான்ச்சின் படத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் மனதுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். பிளான்ச்சை ஜேன் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. வீட்டை நிர்வகிக்கும் திருமதி ஃபேர்ஃபாக்ஸின் வர்ணனையைக் கேட்டு வரைகிறாள். அதாவது, அவள் பக்கம் பக்கமாக வைப்பது இரண்டு பெண்களை அல்ல. சந்தையில் அவர்கள் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் இரண்டு விலைகளை. அடுத்த அத்தியாயத்தில் விருந்தினர் கூட்டத்தோடு பிளான்ச் நேரில் வருகிறாள். ஜேனின் காதுபடவே கவர்னஸ்களைக் கேலி பேசுகிறார்கள். அப்போது ஜேன் எடுக்கும் முடிவு வியப்பானது: இவள்மேல் பொறாமை கொள்ள முடியாது, பொறாமைக்குரிய தகுதி இவளுக்கு இல்லை. சுயமதிப்பு இழந்த ஒருத்தி இந்த வாக்கியத்தை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டாள். பிளான்ச் தன்னைவிட உயர்ந்த மனுஷி என்று ஜேன் ஒருபோதும் நம்பவில்லை. பிளான்ச்சுக்குத் தன்னைவிட விலை அதிகம் என்று மட்டும் அறிந்திருக்கிறாள். இரண்டையும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும் என்பதைக் கதையாக்கிக் காட்டியவர்கள் சார்லட் பிராண்டிக்கு முன் அதிகம் பேர் இல்லை.

நடுவேனில் இரவில் மணம் பேசப்படுகிறது. ராச்செஸ்டர் விளையாடுகிறார் என்றே ஜேன் முதலில் நினைக்கிறாள். அவர் முகத்தை நிலவொளியில் திருப்பச் சொல்லிப் படித்த பிறகே நம்புகிறாள். இதற்குப் பிறகு அவர் காதல் உண்மைதானா என்ற சந்தேகம் அவளிடம் பெரிதாக எழுவதில்லை. சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது. மறுநாள் திருமதி ஃபேர்ஃபாக்ஸ், பொருள்நிலையில் சமம் இருப்பது நல்லது, அவருக்கும் உனக்கும் 20 வயது வித்தியாசம், அவரைப் போன்றவர்கள் கவர்னஸ்களை மணப்பது வழக்கமில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ஜேனுக்குக் கோபம் வருகிறது. கோபம் வருவதற்குக் காரணம், சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியாததுதான். ராச்செஸ்டர் குடும்ப நகைகளை வரவழைக்கிறார். பட்டுக் கடைக்கு அழைத்துப்போய் ஆறு உடைகள் எடுக்கச் சொல்கிறார். அவள் பேரம்பேசி இரண்டாகக் குறைக்கிறாள். அவர் வாங்கிக் குவிக்கக் குவிக்கத் தன் முகம் அவமானத்தில் எரிந்தது என்கிறாள். மணமான பிறகும் ஆசிரியையாகவே சம்பாதித்துச் சாப்பிடுவேன், அதே 30 பவுண்டு போதும் என்று நிபந்தனை போடுகிறாள். கடையிலிருந்து திரும்பும் வண்டியில்தான் அவளுக்கு மறந்துபோன ஒரு கடிதம் நினைவுக்கு வருகிறது. தந்தைவழி உறவினர் ஜான் அயர் மதீரா தீவிலிருந்து, அவளைத் தத்தெடுக்க விரும்பி எழுதியது. தனக்கென்று கொஞ்சமேனும் சொந்தச் சொத்து இருந்தால் இந்தப் பரிசுகளைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, தான் உயிரோடிருப்பதையும் யாரை மணக்கப் போகிறேன் என்பதையும் அவருக்கு எழுதுகிறாள். கடிதம் மதீரா சேரும்போது ராச்செஸ்டரின் முதல் மனைவியின் சகோதரன் மேசன் அங்கே தங்கியிருக்கிறான். செய்தி வெளியாகிறது; கல்யாணம் தேவாலயத்தில் நிற்கிறது. கதைக்கட்டு இதில் சற்று வசதியாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரண காரியத் தொடரைப் பாருங்கள். பட்டுக் கடையில் கூசாமல் ஆறு உடைகளையும் வாங்கிக்கொண்டு மகிழ்ந்திருந்தால், ஜேன் ஏற்கெனவே மனைவி உள்ளவரின் செல்லாத மனைவியாகியிருப்பாள். காதலித்த பிறகும் அவளை விடாத அந்தக் கூச்சமே அவளைக் காத்தது.

இதற்கு உளவியலிலிருந்து வலுவான மறுப்பு உண்டு. குழந்தைப் பருவத்தில் அன்பு மறுக்கப்பட்டவர்கள் வளர்ந்தபின் காதலிலும் பற்றிக்கொள்ளவோ விலகவோ தவிக்கிறார்கள் என்பதை 1987இல் ஹசானும் ஷேவரும் விரித்துக் காட்டினார்கள். சாண்ட்ரா மரே, ஜான் ஹோம்ஸ், டேல் கிரிஃபின் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. சுயமதிப்புக் குறைந்தவர்கள் தம் துணை தம்மீது வைத்திருக்கும் மதிப்பைக் குறைத்தே கணிக்கிறார்கள். துணை உண்மையில் எவ்வளவு உயர்வாக நினைத்தாலும் அது அவர்களுக்கு எட்டுவதில்லை. ஜேன் இதற்கு ஓர் இலக்கிய உதாரணம்தானே, பகுத்தறிவு என்று ஏன் பெரிய பெயர் வைக்க வேண்டும்? இந்த ஆய்வுகள் நாவலைச் சோதிக்க நல்ல அளவுகோல் என்பதை ஏற்கிறேன். அளந்தால் ஜேன் அதில் பொருந்துவதில்லை. துணையின் நேசத்தைக் குறைத்துக் கணிப்பதுதான் அறிகுறி என்றால், அவள் குறைத்துக் கணிக்கவில்லை. ராச்செஸ்டர் தன்னை உயிராக நேசிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நேசம் எந்த ஏற்பாட்டுக்குள் தன்னை நிறுத்தும் என்பதே அவள் கேள்வி. 27ஆம் அத்தியாயத்தில் இது பட்டவர்த்தனமாகிறது. கல்யாணம் நின்ற பிறகு, தன்னோடு பிரான்சின் தென்கரைக்கு வந்துவிடும்படி ராச்செஸ்டர் கெஞ்சுகிறார். தன் பழைய ஆசைநாயகிகளைப் பற்றியும் மனம்விட்டுப் பேசுகிறார். கூலிக்கு ஒருத்தியை வைத்துக்கொள்வது அடிமையை வாங்குவதற்கு அடுத்தபடியான கேவலம் என்கிறார். அதைக் கேட்டு ஜேன் கணக்குப் போடுகிறாள்: இவரோடு போனால் என்னையும் ஒருநாள் இதே கண்ணோடுதான் நினைத்துப் பார்ப்பார். அன்பில்லாமல் சாகத் துணிந்த அந்தக் குழந்தையாகவே இன்னும் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். 20 ஷில்லிங்கோடு விடியலில் வெளியேறுகிறாள்.

இரண்டாவது சான்று செயின்ட் ஜான் ரிவர்ஸ். இந்தியாவுக்கு மதப்பணிக்குப் புறப்படும் இந்த இளம் பாதிரியார் ஜேனை மனைவியாக அழைக்கிறார். காதலுக்காக அல்ல, உழைப்புக்காக. நீ காதலுக்குப் படைக்கப்பட்டவள் அல்ல என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். தன்னைத் தகுதியற்றவளாக நம்பும் ஒருத்திக்கு இதைவிடப் பொருத்தமான வரன் கிடையாது; அவள் நம்பிக்கையை ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் இறைப்பணி என்ற பெருமையையும் தருகிறாரே. ஜேன் தங்கையாக வருகிறேன், மனைவியாக வர மாட்டேன் என்கிறாள். அவர் முன்வைக்கும் காதல் என்ற கருத்தையே வெறுக்கிறேன் என்று கோபப்படுகிறாள். இவ்வளவு நேரமும் தன்னை அழகற்றவள், ஏழை என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் இப்படிப் பேசுகிறாள் என்பது வாசகர்கள் பலருக்கு உறைப்பதில்லை.

ஆசிரியரின் சொந்த வாழ்வை இதில் இழுப்பவர்களுக்கும் ஒரு பதில். பிரஸ்ஸல்ஸில் தனக்கு ஆசிரியராக இருந்த, மணமான கான்ஸ்தாந்தின் ஹெஜேவுக்குச் சார்லட் 1844, 1845 ஆண்டுகளில் எழுதிய கடிதங்கள் நான்கு எஞ்சியிருக்கின்றன. 1913இல் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. பணக்காரன் மேசையிலிருந்து விழும் துணுக்கே போதும் என்று கேட்கும் தொனி அவற்றில் உண்டு. அந்த ஏக்கத்தை அறிந்தவர் இரண்டே ஆண்டுகளில் எழுதிய நாயகி துணுக்குகளை மறுப்பவளாக இருக்கிறாள். ஜேன் சார்லட்டின் நிழல் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர்மாறான வழியில் போன நாவல் ஒன்றும் இருக்கிறது: டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938). அதன் நாயகிக்குப் பெயரே கிடையாது. பணக்காரச் சீமாட்டிக்குச் சம்பளத்துணையாக இருந்தவள், மனைவியை இழந்த மாக்ஸிம் டி வின்டரை மணந்து மேண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். இறந்துபோன ரெபெக்காவின் அழகுக்கும் திறமைக்கும் முன் தான் ஒன்றுமேயில்லை என்று புத்தகத்தின் பெரும்பகுதியில் கூனிப்போகிறாள். இங்கே விலையும் மதிப்பும் ஒன்றாகிவிட்டன. ரெபெக்கா உண்மையிலேயே தன்னைவிட உயர்ந்தவள் என்றே நம்புகிறாள். அந்த ஐயம் தீரும் இடம் கொடுமையானது. ரெபெக்காவைக் கொன்றவன் தானே என்றும் அவளை ஒருநாளும் நேசித்ததில்லை என்றும் மாக்ஸிம் ஒப்புக்கொள்கிறான். இவள் காதில் கொலை விழவில்லை. நேசித்ததில்லை என்பது மட்டும் விழுகிறது, மனம் லேசாகிறது. பிறகு குற்றத்தை மறைக்கத் துணைநிற்கிறாள். நாயகனின் ஒரு சொல்லால் நாயகியின் தாழ்வுணர்வு தீர்வது எவ்வளவு ஆபத்தான சிகிச்சை என்பதை டு மோரியே அறிந்தே எழுதியிருக்கிறார். பிற்காலக் காதல் நாவல்கள் அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டு ஆபத்தை விட்டுவிட்டன. அவற்றைப் படிப்பவர்கள் ஏமாளிகள் என்று இதற்குப் பொருளில்லை. நாளெல்லாம் பிறரைப் பராமரிக்கும் பெண்கள் தம்மையும் ஒருவர் பராமரிப்பதாகக் கற்பனை செய்யும் ஓய்வு இந்தப் புத்தகங்களில் கிடைக்கிறது என்று ஜானிஸ் ராட்வே 1984இல் அமெரிக்க வாசகிகளிடம் பேசி எழுதினார். அந்த ஓய்வுத் தேவை நியாயமானது. ஆனால் ஓய்வு தருவது வேறு, ஐயத்தின் காரணத்தைச் சொல்வது வேறு.

முடிவுக்கு வந்தால் கடினமான மறுப்புகள் காத்திருக்கின்றன. மதீரா உறவினர் இறந்து ஜேனுக்கு 20,000 பவுண்டு வருகிறது. அவள் அதை ரிவர்ஸ் குடும்பத்து மூவரோடும் பங்கிட்டு 5,000 வைத்துக்கொள்கிறாள். மறுபக்கம் தார்ன்ஃபீல்ட் எரிந்து ராச்செஸ்டர் பார்வையையும் ஒரு கையையும் இழந்திருக்கிறார். ஃபெர்ண்டீன் வீட்டில் அவர்கள் மறுபடி சந்திக்கும்போது ஐயம் கைமாறியிருக்கிறது. இந்தச் சிதைந்த உடம்பைக் கொண்டு இளம் பெண்ணைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று இப்போது அவர் கேட்கிறார். தகுதியின்மை ஒருவரின் இயல்பில் இருப்பதில்லை, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்ற என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று நாவலில் இல்லை. ஆனால் ஒருவர் நிமிர இன்னொருவர் முடமாக வேண்டுமா? இது சமத்துவமா, பழிவாங்கலா? இந்தக் குற்றச்சாட்டு பாதி நியாயம். சொத்து மட்டுமே ஜேனுக்குப் போதுமான நிலையைத் தந்திருக்கும். தீயும் குருடும் ஆசிரியர் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை. சொத்து தற்செயலாக வந்ததே என்பது இதைவிட வலுவற்ற மறுப்பு. தற்செயலாக வருமுன்னே, கையில் ஒன்றுமில்லாதபோதே, அவள் ராச்செஸ்டரை விட்டு வெளியேறிவிட்டாள். சுயமதிப்பு முதலில் இருந்தது; பணம் அதற்கு உலகத்தில் நிற்க இடம் கொடுத்தது.

எனக்கே முழு விடை கிடைக்காத மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் இங்கிலாந்தில் 1870இலும் 1882இலும்தான் வந்தன. அதற்கு முன், தனி ஒப்பந்தம் ஏதும் எழுதிக்கொள்ளாவிட்டால், மணமான கணத்திலேயே மனைவியின் பணம் கணவனுடையதாகிவிடும். ஜேனின் 5,000 பவுண்டுக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டதா? சில்லறை பாக்கியைக்கூட மறக்காத நாவல் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அது வாய் திறக்காததன் விளைவு மேல்மாடத்தில் தெரிகிறது. அங்கே பூட்டப்பட்டிருந்த முதல் மனைவி, ஜமைக்காவின் பெர்த்தா மேசனுக்குச் சீதனமாக 30,000 பவுண்டு பேசப்பட்டது. மூத்த மகனுக்கே சொத்து முழுவதும் என்று முடிவுசெய்த ராச்செஸ்டரின் தந்தை இளைய மகனுக்காகத் தேடிய வழி அது. ஜேனைப் போல் ஆறு மடங்கு பணத்தோடு அதே மனிதரிடம் வந்தவள் பெர்த்தா. பணம் நிலையைத் தரும் என்றால் அவள்தான் அந்த வீட்டில் நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும். ஜேனின் மதீரா உறவினரும் மேசன் குடும்பத்து வணிக நிறுவனத்தின் தொடர்பாளராக இருந்தவர்தான். இரண்டு பெண்களின் பணமும் ஒரே பேரேட்டின் பக்கங்களிலிருந்து வந்தது. டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' நாவலில் இந்த முதல் மனைவிக்கு அந்துவானெத் என்ற பெயரும் குரலும் கொடுத்தபோது தொட்ட இடம் சரியாக இதுதான். அதில் 30,000 பவுண்டும் எந்த நிபந்தனையுமின்றிக் கணவனுக்குக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அவளுக்கென்று எதுவும் ஒதுக்கி எழுதப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் தன்னை நேசிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவருகிறது, நேசிக்க வைக்க மருந்து தேடிப் போகிறாள், அவன் அவளுக்குப் பெர்த்தா என்று வேறு பெயர் வைக்கிறான்.